தலையா, வயிறா? ஆம்புலன்ஸ் வரும்வரை எதைப் பார்ப்பது: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதலுதவிப் பயிற்சிக்கு வருகிறவர்கள் பலதரப்பட்டவர்கள். ஆட்டோ ஓட்டுநர்கள், மக்களைத் தேடி மருத்துவப் பணியாளர்கள், மாந்தோப்பு மேஸ்திரிகள், ஆம்புலன்ஸ் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றில் மூளை, நரம்பு, வயிறு சம்பந்தப்பட்டவற்றை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறோம். மருந்து, ஊசி எல்லாம் பயிற்சி பெற்றவர்கள் வேலை. கண்ணால் பார்ப்பதும் காதால் கேட்பதும் யாரும் செய்யலாம்.

தலையையும் வயிற்றையும் ஏன் ஒன்றாகப் பேசுகிறீர்கள்?

இரண்டிலும் ஆபத்து உள்ளே இருக்கிறது, வெளியே தெரிவதில்லை. கால் உடைந்தால் கோணிக்கொண்டு நிற்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மண்டைக்குள் கசியும் ரத்தமும் வயிற்றுக்குள் கசியும் ரத்தமும் அப்படியல்ல. அதோடு இவை வேஷம் மாற்றி வரும். வயிற்று வலி என்று கூப்பிடுவார்கள், போய்ப் பார்த்தால் இதயமாக இருக்கும், அல்லது பாம்புக்கடியாக இருக்கும். கை கால் விழுந்துவிட்டது என்பார்கள், பார்த்தால் சர்க்கரை இறங்கியிருக்கும்.

ஆகவே வீட்டு வாசலில் நின்றுகொண்டு நோய்க்குப் பெயர் வைக்க மெனக்கெடாதீர்கள். ஸ்கேன் இல்லாமல் அது டாக்டராலேயே முடியாது. இவர் காத்திருக்கலாமா கூடாதா, இது எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, அப்போதிலிருந்து கூடுகிறதா குறைகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் கையில் இருந்தால் மருத்துவமனையில் பாதி வேலை முடிந்தது.

108-க்கு என்ன சொல்ல வேண்டும்?

முதலில் இடம். நம் பக்கம் கொட்டாய் (குக்கிராமம்) பெயர் மட்டும் சொன்னால் வண்டி வந்து சேராது, ஒரே பெயரில் நாலு கொட்டாய் இருக்கும். பஞ்சாயத்து, பக்கத்து பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடம் அல்லது பால் சொசைட்டி என்று அடையாளம் சொல்லுங்கள். அடுத்து, ஆள் பேசுகிறாரா, மூச்சு விடுகிறாரா. அப்புறம்தான் மற்றது. போனை வைத்துவிடாதீர்கள், மெயின் ரோட்டில் ஓர் ஆளை நிறுத்துங்கள்.

ஆளைப் பார்த்ததும் முதலில் எதைக் கவனிப்பது?

எட்டு வைத்து நடந்து போகும்போதே பாதி தெரிந்துவிடும். உட்கார்ந்திருக்கிறாரா, துவண்டு கிடக்கிறாரா, நிறம் வெளுத்திருக்கிறதா, வேர்த்து ஊற்றுகிறதா? பக்கத்தில் போனதும் மூச்சு. குறட்டை மாதிரியோ கொரகொரவென்றோ சத்தம் வந்தால் வழி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். அடிபட்டவர் இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் இருப்பதை வழித்து எடுங்கள். பிறகு நாடி, தோலின் சூடு.

நினைவு எந்த அளவில் இருக்கிறது என்பதை நான்கு படியாகப் பார்ப்பது எளிது. தானாகவே விழித்திருக்கிறார், கூப்பிட்டால் கண் திறக்கிறார், கூப்பிட்டால் திறக்காமல் தோள்பட்டைத் தசையைக் கிள்ளினால் மட்டும் அசைகிறார், எதற்கும் அசைவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் இதையே கிளாஸ்கோ அளவில் மதிப்பெண்ணாகப் போடுவார்கள். கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, மொத்தம் 15. 8 அல்லது அதற்குக் கீழே போனால் தன் மூச்சுப் பாதையைத் தானே காத்துக்கொள்ள முடியாதவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை பார்த்து முடித்துவிடக் கூடாது. 14 இருந்தவர் பத்து நிமிஷத்தில் 11 ஆகிவிட்டார் என்பதுதான் செய்தி.

பக்கவாதம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முகம், கை, பேச்சு. பல்லைக் காட்டிச் சிரிக்கச் சொல்லுங்கள், ஒரு பக்கம் தொங்குகிறதா? கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லுங்கள், ஒரு கை தானாகக் கீழே இறங்குகிறதா? ஒரு முழு வாக்கியம் பேசச் சொல்லுங்கள், குழறுகிறதா, சொல் மாறிப்போகிறதா? மூன்றில் ஒன்று புதிதாக வந்திருந்தாலே போதும், 108-ஐக் கூப்பிட்டுவிடுங்கள்.

பேச்சு விஷயத்தில் நம் மாவட்டங்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் நிறைய. அந்தப் பாட்டியிடம் தமிழில் கேள்வி கேட்டுவிட்டு, தடுமாறுகிறார் என்று எழுதக் கூடாது. வீட்டு மொழியில் மகளைப் பேசச் சொல்லி, "அம்மா எப்பவும் இப்படித்தான் பேசுவாங்களா?" என்று மகளிடம் கேளுங்கள்.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் பக்கவாதமாக இருக்கலாம் என்பதையும் மனசில் வையுங்கள். மூளையின் பின்பக்கம் அடைத்தால் திடீர்த் தலைசுற்றல், இரண்டிரண்டாகத் தெரிவது, நிற்க வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்வது என்று வரும். "பித்தம்" என்று எலுமிச்சம்பழம் கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறார்கள். நேற்றுவரை நன்றாக நடந்தவர் இன்று பிடிக்காமல் நிற்க முடியவில்லை என்றால் அது பித்தமில்லை.

எப்போது ஆரம்பித்தது என்று ஏன் அவ்வளவு வற்புறுத்திக் கேட்கிறார்கள்?

அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக ஆரம்பித்த நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சிடி ஸ்கேன் எடுத்து, ரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பெரிய ரத்தக்குழாய் அடைப்பைக் குழாய் விட்டு எடுக்கும் சிகிச்சைக்குச் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட வாய்ப்பு உண்டு என்றாலும், போகிற ஒவ்வொரு நிமிஷமும் மூளைக்கு நஷ்டம்தான்.

கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பதில்தான் குழப்பம். காலை 6 மணிக்கு எழுப்பும்போது கை விழுந்திருந்தது என்றால் நேரம் 6 மணி அல்ல. கடைசியாக அவரை நல்லபடியாகப் பார்த்தது எப்போது? ராத்திரி 2 மணிக்கு எழுந்து பாத்ரூம் போனபோது பேசினாரா? அப்படியானால் 2 மணி. இல்லையென்றால் படுக்கப் போன நேரம். அதை ஒரு தாளில் எழுதி, கூடவே அனுப்புங்கள்.

புறா ரத்தம் தடவுவது, எண்ணெய் தேய்ப்பது, பத்தியம் விசாரிப்பது எல்லாவற்றுக்கும் செலவாவது இந்த நாலரை மணி நேரம்தான். அஞ்செட்டியிலிருந்தோ ஏரியூரிலிருந்தோ கிளம்புகிறவருக்குப் பாதையே ஒரு பங்கைத் தின்றுவிடும்.

பிபி அதிகமாக இருக்கிறது, மாத்திரை கொடுக்கலாமா? ஆஸ்பிரின்?

இரண்டும் வேண்டாம். அடைப்பு உள்ள நேரத்தில் பிபி ஏறியிருப்பது மூளைக்கு ரத்தம் போக உடம்பு செய்யும் ஏற்பாடாகவும் இருக்கலாம், அவசரமாக இறக்கினால் கெடுதல். ஆஸ்பிரினைப் பொறுத்தவரை, இது அடைப்பா கசிவா என்று ஸ்கேன் சொல்லும்வரை யாருக்கும் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நெஞ்சுவலிக்கு உடனே மாத்திரை தருகிறார்களே என்று கேட்பார்கள். அது இதயத்துக்கு. விழுங்க முடியுமா என்று சோதிக்காமல் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

சர்க்கரை பார்ப்பது அவ்வளவு முக்கியமா?

நினைவு தப்பியவர், உளறுகிறவர், வலிப்பு வந்தவர், ஒரு பக்கம் விழுந்தவர் என்று யாராக இருந்தாலும் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தாக வேண்டும். சர்க்கரை இறங்கினால் பக்கவாதம் மாதிரியே ஒரு கை விழலாம். குளுக்கோஸ் ஏறியதும் எழுந்து உட்கார்ந்து, "ஏன் இத்தனை பேர் நிக்கிறீங்க?" என்பார்.

பார்க்கும் விதத்தில் ஒரு நுணுக்கம். சீசனில் மாம்பழக்கூழ் ஆலையிலோ மண்டியிலோ வேலை செய்கிறவர் விரலில் பழச்சாறு காய்ந்து ஒட்டியிருக்கும். துடைக்காமல் குத்தினால் மீட்டர் அதையும் சேர்த்துக் காட்டும், 45 இருப்பவருக்கு 150 என்று வரும். தண்ணீரால் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகு குத்துங்கள்.

70-க்குக் கீழே இருந்து, விழித்திருந்து, விழுங்கவும் முடிந்தால் மூன்று நாலு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. தெளிந்துவிட்டார் என்று விட்டுவிடவும் கூடாது. சில சர்க்கரை மாத்திரைகளின் வேலை பல மணி நேரம் நீடிக்கும், ராத்திரி மறுபடியும் இறங்கும். மாத்திரை அட்டையையும், இருந்தால் மக்களைத் தேடி மருத்துவக் குறிப்பேட்டையும் பையில் போட்டு அனுப்புங்கள். அந்தத் திட்டம் 2021-ல் தொடங்கியதே நம் சூளகிரி பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான்.

பத்து நிமிஷத்தில் கை சரியாகிவிட்டது. இனியும் போக வேண்டுமா?

கட்டாயம். இன்றைக்கே. அது பெரிய பக்கவாதத்துக்கு முன்னோட்டமாக இருக்கலாம், அடுத்த இரண்டு நாள்தான் அதிக ஆபத்து.

வலிப்புக்கு இரும்பு கொடுத்தால் நிற்கிறதே?

பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாகவே நின்றுவிடும். சாவிக்கொத்தைத் தேடி எடுத்து வந்து கையில் திணிக்கவும் அதே நேரம்தான் ஆகிறது. பெயர் சாவிக்குப் போய்விடுகிறது.

செய்ய வேண்டியது: அடுப்பு, கல், தண்ணீர்த் தொட்டி பக்கத்திலிருந்து விலக்குங்கள். தலைக்கு அடியில் துண்டை மடித்து வையுங்கள். கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள், வாயில் கரண்டியும் வேண்டாம் துணியும் வேண்டாம். போனில் மணியைப் பாருங்கள், முடிந்தால் ஒருவர் வீடியோ எடுத்து வையுங்கள், டாக்டருக்கு அதைவிட உபயோகம் எதுவுமில்லை. இழுப்பு நின்றதும் ஒருக்களிக்க வைக்க வேண்டும். 5 நிமிஷம் தாண்டினாலோ, தெளியாமலே அடுத்தது வந்தாலோ, வாழ்க்கையில் முதல் வலிப்பாக இருந்தாலோ, தலையில் அடிபட்ட பின் வந்தாலோ, சர்க்கரை நோயாளியாக இருந்தாலோ 108.

கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் கேள்வியே வேண்டாம். ஐந்து மாதம் தாண்டிய கர்ப்பிணிக்கும், பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் இருப்பவருக்கும் அது பிபி ஏறியதால் வரும் வலிப்பு என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இடது பக்கமாகப் படுக்க வையுங்கள். மெக்னீசியம் சல்பேட் ஊசி அதற்கான மருந்து. தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குழியில் வலி என்று முதல் நாளே சொல்லியிருப்பார். அந்த நெஞ்சுக்குழி வலியை அசிடிட்டி என்று தள்ளிவிடுவதுதான் வழக்கம்.

பைக்கிலிருந்து விழுந்தவர் எழுந்து டீ குடித்தார், வீட்டுக்குப் போகிறேன் என்கிறார். விடலாமா?

தொப்பூர் கணவாயிலும் அந்த நாலு வழிச் சாலை நெடுகவும் இந்தக் காட்சி புதிதல்ல. மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் சேரும்போது, முதலில் மயங்கி, பிறகு தெளிந்து நன்றாகப் பேசி, சில மணி நேரத்தில் மீண்டும் மயங்குவார். நடுவில் வரும் அந்தத் தெளிவைப் பார்த்துத்தான் ஊரே ஏமாறுகிறது.

கணநேரமாவது நினைவு தப்பியவர், ஒன்றுக்கு மேற்பட்ட முறை வாந்தி எடுத்தவர், நடந்தது நினைவில்லாமல் கேட்டதையே கேட்கிறவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், வயதானவர் ஆகியோரை ஸ்கேன் இருக்கும் இடத்துக்கு அனுப்புங்கள். காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி வடிந்தால் பஞ்சு வைத்து அடைக்காதீர்கள். ஒரு கண் பாவை மற்றதைவிடப் பெரிதாவதும், பிபி ஏறிக்கொண்டே நாடி குறைவதும் மண்டைக்குள் அழுத்தம் எல்லை மீறுவதன் அடையாளம். கழுத்தை அசைக்காமல் பிடித்து, வாந்தி வந்தால் தலை, கழுத்து, உடம்பு மூன்றையும் ஒரே கட்டையாகத் திருப்ப வேண்டும்.

"குடிச்சிருக்கான், தூங்கட்டும்" என்ற தீர்ப்பு பல உயிர்களை வாங்கியிருக்கிறது. குடித்தவருக்கும் மண்டையில் அடிபடும், சர்க்கரையும் இறங்கும்.

வெறும் தலைவலிக்கு எப்போது பயப்பட வேண்டும்?

ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், இப்படி ஒரு வலி வந்ததே இல்லை என்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால். காய்ச்சலோடு கழுத்து விறைத்து, தாடை நெஞ்சில் படாமல் போனால். இரண்டுக்கும் மாத்திரை போட்டுப் பார்க்காதீர்கள்.

விடியற்காலையில் வயிற்று வலி, கண்ணைத் திறக்க முடியவில்லை என்கிறார். எந்தப் பக்கம் சேர்ப்பது?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். மழைக்காலம், தோப்பு ஓர வீடு, தரையில் பாய் விரித்துப் படுத்தவர் 4 மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுகிறார். ராத்திரி சாப்பாட்டைச் சந்தேகப்பட்டு ஓம வாட்டர் கொடுக்கிறார்கள், வாந்தி எடுக்கிறார். 6 மணிக்குப் பார்த்தால் தூக்கக் கலக்கம் மாதிரி இமை தொங்குகிறது. பேச்சு மூக்கால் வருகிறது. எச்சில் முழுங்கக் கஷ்டப்படுகிறார்.

கட்டு விரியன். அதன் பல் சிறிது, கடித்த இடத்தில் வீக்கமும் இருக்காது, வலியும் பெரிதாக இருக்காது, தடம்கூடத் தெரியாமல் போகும். "பாம்பைப் பார்க்கவே இல்லையே" என்பது ஒரு பதிலே இல்லை. மேலே பார்க்கச் சொல்லுங்கள், இமை எழும்புகிறதா? படுத்தபடி தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா? ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். முதலில் 25 வரை எண்ணியவர் அரை மணி கழித்து 12-ல் நின்றால், மூச்சுத் தசை போய்க்கொண்டிருக்கிறது.

கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். நடக்க விடாமல், அசையாமல் கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்து முக்கியம், ஆனால் வழியில் உயிரைப் பிடித்து நிறுத்துவது பலூன் பையால் கொடுக்கும் மூச்சுதான். முழுதாகச் செயலிழந்தவர் கண்ணில் டார்ச் அடித்தால் பாவை சுருங்காமல்கூட இருக்கலாம். அதை வைத்து "போய்விட்டார்" என்று சொல்லிவிடாதீர்கள். அவருக்குக் காது கேட்டுக்கொண்டிருக்கலாம்.

வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது எப்படி?

மல்லாக்கப் படுக்க வைத்து முழங்காலை மடக்கச் சொல்லுங்கள், வயிற்றுத் தசை தளரும். முதலில் வெறுமனே பாருங்கள்: உப்பசம், பழைய ஆபரேஷன் தழும்பு, தொடை இடுக்கில் குடலிறக்க வீக்கம், காயத்தடம். வலிக்கும் இடத்தை ஒரு விரலால் காட்டச் சொல்லி, அதற்கு நேர் எதிர்ப்புறத்திலிருந்து உள்ளங்கையால் மெதுவாகத் தொட்டு வாருங்கள். உங்கள் கண் வயிற்றில் இருக்கக் கூடாது, அவர் முகத்தில் இருக்க வேண்டும். வலிக்கும் இடத்தைக் கடைசியாக, ஒரே ஒரு தடவை. ஆளுக்கு ஆள் அமுக்கிப் பார்ப்பது சித்திரவதை.

படுத்திருக்கும் விதமே நிறையச் சொல்லும். சிறுநீரகக் கல்காரர் ஒரு இடத்தில் இருக்க மாட்டார், புரளுவார். குடல் ஓட்டையானவர் அசையவே பயப்பட்டுக் கிடப்பார், வயிறு பலகையாகியிருக்கும், வண்டி வேகத்தடையில் ஏறினால் முனகுவார். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது கீழ்ப்பக்கம் இறங்கும் வலி குடல்வால். உப்பசம், வாந்தி, காற்றும் பிரியவில்லை என்றால் குடல் அடைப்பு. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் உள்ளே ரத்தம், ஆனால் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். பையன்கள் "அடிவயிறு" என்று மட்டும் சொன்னால் விரைப்பையில் வலியா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். விரை முறுக்கிக்கொண்டால் ஆறு மணி நேரத்துக்குள் சரி செய்ய வேண்டும், வெட்கத்தில் நாளை ஓட்டிவிடுவார்கள்.

வயதானவர்களும் சர்க்கரை நோயாளிகளும் பெரிய நோய்க்கும் லேசாகத்தான் வலிக்கிறது என்பார்கள். அவர்கள் விஷயத்தில் கொஞ்சம் அதிகமாகவே சந்தேகப்படுங்கள்.

மேல் வயிற்றில் "கேஸ்", சோடா குடித்தால் போதுமா?

நாற்பதைத் தாண்டியவர், சர்க்கரை அல்லது பிபி உள்ளவர், புகைப்பவர் என்றால் இசிஜி எடுக்கும்வரை அது இதயம்தான். வேர்வையோடு வந்தால் இன்னும் உறுதி. பெண்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் குமட்டலும் அசதியுமாகக்கூட வரலாம்.

குடலேற்றம் எடுத்தால் சரியாகுமா?

சாதாரண வயிற்றுப் பிடிப்பு தானாகவே போகும், அதனால் எடுத்தவருக்குப் பெயர் வந்துவிடும். குடல்வால் வீங்கியிருக்கும் வயிற்றை எண்ணெய் போட்டு நீவினால் அது வெடித்துவிடலாம். திடீரென வந்த வலி, காய்ச்சல், விறைத்த வயிறு எதிலும் கை வைக்க விடாதீர்கள்.

பெண்களிடம் மாதவிடாய் பற்றிக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

கேட்காமல் விட்டால் உயிர் போகும் கேள்வி அது. பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண் அடிவயிற்று வலியோடு மயங்கினால், கரு குழாயில் தங்கி வெடித்திருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். தோள்பட்டை நுனியில் வலிக்கிறது என்று சொன்னால் வயிற்றுக்குள் ரத்தம் சேர்ந்து, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்துகிறது. மாமியாரையும் கணவரையும் தண்ணீர் கொண்டுவர, அட்டை எடுத்துவர அனுப்பிவிட்டு, "கடைசியா எப்போம்மா குளிச்சே? நாள் தள்ளிப்போயிருக்கா?" என்று தாழ்ந்த குரலில் கேளுங்கள். கல்யாணமாகாத பெண்ணிடமும் கேட்க வேண்டும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவருக்கும் இது வரலாம்.

பிபி நன்றாக இருக்கிறது என்று அசந்துவிடாதீர்கள். இளம் உடம்பு கடைசி வரை பிபியைத் தாங்கிப் பிடிக்கும். அதற்கு முன்பே நாடி ஏறும், கை ஜில்லிடும், நகத்தை அழுத்திவிட்டால் சிவப்பு திரும்ப இரண்டு வினாடிக்கு மேல் ஆகும். காலைச் சற்று உயர்த்தி, போர்த்தி, நிற்காமல் போங்கள்.

எருது விடும் விழாவில் கொம்பு குத்திக் குடல் வெளியே வந்துவிட்டால்?

உள்ளே தள்ளாதீர்கள். மஞ்சளும் வேண்டாம். சலைன் அல்லது சுத்தமான தண்ணீரில் நனைத்த சுத்தத் துணியை மேலே போட்டு, காய்ந்துவிடாமல் அதன்மேல் பிளாஸ்டிக் உறையால் மூடி, முழங்காலை மடக்கியபடி கொண்டு போங்கள். தண்ணீர் கேட்பார். உதட்டை நனைக்கலாம், அவ்வளவுதான், ஆபரேஷன் காத்திருக்கிறது. ஏதாவது குத்தி நிற்கிறது என்றால் பிடுங்காமல் அசையாதபடி கட்டுங்கள்.

வெளியே காயமே இல்லாததுதான் அதிக வம்பு. புளி உலுக்க ஏறி விழுந்தவர், ஹேண்டில்பார் வயிற்றில் இடித்த சிறுவன். இடது விலாவிலும் இடது தோளிலும் வலி என்றால் மண்ணீரலை நினையுங்கள்.

மருந்தடித்துவிட்டு வந்தவருக்கு வயிற்று வலி, வாந்தி?

பாலக்கோடு தக்காளித் தோட்டமானாலும் ஓசூர் ரோஜாப் பசுமைக்குடிலானாலும் கண் பாவையைப் பாருங்கள். குண்டூசித் தலையளவு சுருங்கி, எச்சில் ஒழுகி, வேர்த்து, தசை துடித்தால் பூச்சிமருந்து. கையுறை போட்டு உடையைக் கழற்றி, தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து டப்பா கூடவே போகட்டும்.

வண்டி ஏறாத மலை ஊரில் என்ன செய்வது?

டோலி கட்டித்தான் இறக்க வேண்டியிருக்கிறது. கட்டும் முன் யோசிக்க வேண்டியது எப்படிப் படுக்க வைப்பது என்பது. தொட்டிலில் மல்லாக்கப் போட்டால் தாடை நெஞ்சில் முட்டி மூச்சு அடைபடும், வாந்தியும் உள்ளே போகும். நினைவில்லாதவரை ஒருக்களித்து, முதுகுக்குத் துணிச்சுருள் முட்டுக் கொடுத்துக் கட்டுங்கள். ஒருவர் முகத்தைப் பார்த்தபடியே பக்கத்தில் நடக்க வேண்டும். கிளம்பும் முன்பே 108-க்குச் சொல்லி, வண்டி அடிவாரத்தில் தயாராக நிற்கும்படி பாருங்கள்.

மருத்துவமனையில் ஒப்படைக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

அரை நிமிஷத்தில் முடியும்படி சொல்லுங்கள். "55 வயசு, 9:40 வரை நல்லா இருந்தார், வலது கை விழுந்திருக்கு, சர்க்கரை 132, வழியில ஒரு தடவை வாந்தி, கிளம்பும்போது பேசினார், இப்ப பேசலை, பிபி மாத்திரை சாப்பிடறவர்." கதை பிறகு.

விபத்தில் அடிபட்டவரைக் கொண்டு சேர்த்தால் போலீஸ், பணம் என்று மாட்டிக்கொள்வோமா?

மாட்ட மாட்டீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவு உதவியவரைப் பாதுகாக்கிறது. உங்கள் பெயரைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் வருகிறது, அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கிடைக்கும். கிளம்பும் முன் ஒன்று மட்டும்: விழுந்ததும் மயங்கினாரா, எத்தனை மணிக்கு என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அங்கே அதைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.